எஃகு மென்தகட்டில் 300 மைக்ரான் துளை: ஃபெம்டோநொடி லேசரை அளவறிந்து இயக்கும் முறை

பட்டறைகளில் எஸ்.எஸ். என்று சொல்லப்படும் துருப்பிடிக்காத எஃகில், 316எல் வகையைச் சேர்ந்த 100 மைக்ரான் (ஒரு மைக்ரான், மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள மென்தகடு ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதில் 300 மைக்ரான் விட்டமுள்ள வட்டத் துளைகளை, ஓரத்தில் பிசிறோ உருகி உறைந்த விளிம்போ இல்லாமல் இட வேண்டும். நுண் வடிகட்டி, எரிபொருள் தெளிப்பான், உடலுக்குள் பொருத்தும் மருத்துவக் கருவி எனப் பல துறைகள் இத்தகைய துளையைக் கேட்கின்றன. துளை 300 மைக்ரான்தான் என்றாலும், சோதிப்பவர் பார்ப்பது அதன் விளிம்பில் உள்ள ஓரிரு மைக்ரான்களையே. இந்தக் கட்டுரை, 1030 நானோமீட்டர் அலைநீளத்தில் 300 ஃபெம்டோநொடித் (ஒரு ஃபெம்டோநொடி, நொடியில் 10 கோடி கோடியில் ஒரு பங்கு) துடிப்புகளைத் தரும் இட்டெர்பியம் லேசரும், சிறு ஆடிகளைத் திருப்பிக் கற்றையைத் தகட்டின் மீது நகர்த்தும் கால்வோ ஸ்கேனரும், 100 மி.மீ. குவியத் தொலைவுள்ள வில்லையும் கொண்ட சாதாரணத் தொழிற்சாலை அமைப்பு ஒன்றில் அந்த வேலையை முதல் நாளிலிருந்து எப்படிச் செய்வது என்பதை விளக்குகிறது.

இந்த வகை லேசரைப் பற்றிப் பரவியிருக்கும் ஒரு தவறான நம்பிக்கையை முதலில் அகற்றிவிட வேண்டும். துடிப்பு குறுகியதாக இருந்தால் வெட்டு தானாகவே குளிர்ச்சியாக அமைந்துவிடும் என்று விற்பனைக் குறிப்புகள் சொல்கின்றன. குறுகிய துடிப்பு அதற்கான வாய்ப்பைத் தருகிறது. அந்த வாய்ப்பைக் கெடுத்துக்கொள்வதற்கான வழிகள் ஏராளமாக உள்ளன. பொருள் மேற்பரப்பிலிருந்து நீங்கத் தொடங்கும் ஆற்றல் அளவை, அதாவது அதன் தொடக்க வரம்பை, நாமே அளந்து, அதற்கு ஏற்ற ஆற்றலை மட்டும் கொடுத்து, மிஞ்சும் வெப்பத்திற்குக் கணக்கு வைத்தால்தான் விளிம்பு சுத்தமாக வரும்.

துடிப்பின் நீளம் செய்யும் வேலை

ஒளி ஒரு ஃபெம்டோநொடியில் 0.3 மைக்ரான் தொலைவே செல்கிறது. ஆகவே 300 ஃபெம்டோநொடித் துடிப்பு என்பது 90 மைக்ரான் நீளமுள்ள ஓர் ஒளித் துண்டு. நம் தகட்டின் தடிமனைவிட அது குட்டையானது. எஃகின் மீது விழும் ஒளியை முதலில் வாங்கிக்கொள்பவை எலக்ட்ரான்கள். அவை அந்த ஆற்றலை அணுக்களுக்குக் கைமாற்றிக் கொடுக்கச் சில பிக்கோநொடிகள், அதாவது சில ஆயிரம் ஃபெம்டோநொடிகள், தேவைப்படுகின்றன. அதற்குள் துடிப்பே முடிந்துவிடுகிறது. துருப்பிடிக்காத எஃகின் வெப்பப் பரவல் கெழுவை நொடிக்கு 4 சதுர மி.மீ. என்று கொண்டு கணக்கிட்டால், 10 பிக்கோநொடியில் வெப்பம் பரவும் ஆழம் சுமார் 6 நானோமீட்டராகவும், 10 நானோநொடியில் (ஒரு நானோநொடி, ஆயிரம் பிக்கோநொடி) சுமார் 200 நானோமீட்டராகவும் கிடைக்கும். பழைய நானோநொடி லேசர்கள் உலோகத்தை உருக்கித் தள்ளுவதற்கும், ஃபெம்டோநொடி லேசர்கள் அதை மெல்லிய படலமாக உரித்தெடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது.

இத்தகைய துடிப்புகளுக்குப் போதிய ஆற்றலை ஊட்டுவது நீண்ட காலம் இயலாமல் இருந்தது, ஏனெனில் பெருக்கிக்குள் அவற்றின் உச்சத் திறன் அந்தப் பெருக்கியையே சேதப்படுத்திவிடும். 1985-இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டோனா ஸ்ட்ரிக்லாண்டும் ஜெரார் மூரூவும் துடிப்பை முதலில் நீட்டி, பிறகு பெருக்கி, இறுதியில் மீண்டும் சுருக்கும் வழியைக் காட்டினார்கள். 2018-இல் இயற்பியல் நோபல் பரிசின் ஒரு பாதி அவர்களுக்குக் கிடைத்தது. ஆய்வகத்திலிருந்து தொழிற்சாலைக்கு இந்த லேசர்கள் வந்து சேர்ந்த கதையில் ஜெர்மனிக்குப் பெரிய பங்கு உண்டு. போஷ், டிரம்ப் நிறுவனங்களையும் யேனா பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த குழு, மீக்குறுந்துடிப்பு லேசரைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்ததற்காக 2013-இல் அந்நாட்டின் எதிர்காலப் பரிசைப் பெற்றது. பெட்ரோலை நேரடியாக எஞ்சினுக்குள் தெளிக்கும் தெளிப்பானின் துளைகள் அவர்கள் காட்டிய முக்கியமான பயன்பாடுகளில் ஒன்று.

குவிப்புள்ளியை அறிதல்

வில்லைக்குள் நுழையும் கற்றையின் விட்டம் 5 மி.மீ. என்றும், கற்றையின் தரத்தைக் குறிக்கும் எம்-ஸ்கொயர்டு மதிப்பு 1.2 என்றும் கொள்வோம். அப்போது குவிப்புள்ளியின் ஆரம் ஏறத்தாழ 15.7 மைக்ரான், விட்டம் 31 மைக்ரான். குவியத்தின் இருபுறமும் கற்றை பெரிதாக விரியாமல் இருக்கும் ரேலி நீளம் சுமார் 0.63 மி.மீ. எனவே 100 மைக்ரான் தகட்டைத் துளைக்கும்போது குவியத்தைப் படிப்படியாகக் கீழிறக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. ஆனால் தகடு வளைந்து அரை மி.மீ. மேலெழுந்தால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

குவியத்தைக் கண்ணால் தேடாதீர்கள். மேற்பரப்பில் மங்கலாக மட்டும் தடம் விழும் அளவுக்கு ஆற்றலைக் குறைத்துக்கொண்டு, வில்லையின் உயரத்தை 0.1 மி.மீ. வீதம் மாற்றி, ஒவ்வோர் உயரத்திலும் ஒரு கோடு இழுங்கள். ஓர் உயரத்தில் கோடு தோன்றத் தொடங்கி, மற்றோர் உயரத்தில் மறையும். இந்த இரண்டிற்கும் நடுவில் இருப்பதே குவியம். அதிக ஆற்றலில் எல்லாக் கோடுகளும் தடிமனாகத் தெரிவதால் அங்கே ‘மிக மெல்லிய கோடு எது’ என்று தேடுவது வெறும் ஊகமாகவே முடியும்.

தொடக்க வரம்பை அளத்தல்

முழு வேலையிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. அவசரக்காரர்கள் தவிர்த்துவிடும் இடமும் இதுவே. பொருள் மேற்பரப்பிலிருந்து நீங்கத் தொடங்குவதற்குத் தேவையான மிகக் குறைந்த ஆற்றல் அடர்த்தியைத் தொடக்க வரம்பு என்கிறோம். புத்தகங்களில் அச்சாகியிருக்கும் மதிப்புகள், அவற்றை அளந்தவரின் துடிப்பு நீளத்துக்கும் அலைநீளத்துக்கும் மேற்பரப்பின் மெருகுக்கும் உரியவை. உங்கள் தகட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று நம்பக் கூடாது.

முதலில் துடிப்பின் ஆற்றலை அளக்க வேண்டும். லேசரின் திரையில் தெரியும் எண்ணை விட்டுவிட்டு, வில்லைக்குக் கீழே, கற்றை நன்றாக விரிந்திருக்கும் இடத்தில் திறன்மானியை வைத்து அளவெடுங்கள். வழியில் உள்ள ஆடிகளும் வில்லையும் பாதுகாப்புக் கண்ணாடியும் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் திறனே தகட்டை அடைகிறது. சராசரித் திறனைத் துடிப்பு வீதத்தால் வகுத்தால் ஒரு துடிப்பின் ஆற்றல் கிடைக்கும். 200 கிலோஹெர்ட்ஸில் 0.6 வாட் காட்டினால் ஒவ்வொரு துடிப்பிலும் 3 மைக்ரோஜூல் இருக்கிறது என்று பொருள். வேலையை 20 கிலோஹெர்ட்ஸில் செய்யப்போவதாக இருந்தாலும், வேண்டிய துடிப்புகளை மட்டும் வெளியே விடும் துடிப்புத் தெரிவி கொண்ட லேசர்களில் அளவீட்டை உயர்ந்த வீதத்தில் எடுப்பது நல்லது, ஏனெனில் 50 வாட்டுக்கான மானியில் 60 மில்லிவாட்டைப் படித்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

பிறகு, தகட்டில் ஒரே இடத்தில் 100 துடிப்புகளை, அவற்றுக்கிடையே வெப்பம் தணியும் அளவுக்கு மெதுவாக, 1 கிலோஹெர்ட்ஸில் விழச் செய்யுங்கள். ஆற்றலை 0.5 மைக்ரோஜூலில் தொடங்கி 10 மைக்ரோஜூல் வரை பத்துப் படிகளில் உயர்த்தி, ஒவ்வொரு படிக்கும் ஐந்து குழிகள் இடுங்கள். ஒரே துடிப்பால் அளக்கக் கூடாதா என்று கேட்கலாம். முந்தைய துடிப்புகள் மேற்பரப்பைச் சிறிது சிறிதாகப் பழுதாக்கி, பின்வரும் துடிப்புகளின் வேலையை எளிதாக்கிவிடுவதால், பல துடிப்புகளுக்கான வரம்பு ஒற்றைத் துடிப்புக்கான வரம்பைவிடக் கணிசமாகக் குறைந்திருக்கும். உண்மையான வேலையில் ஒவ்வோர் இடத்திலும் ஆயிரக்கணக்கான துடிப்புகள் விழுகின்றன. ஒற்றைத் துடிப்பின் எண் அங்கே உதவாது.

குழிகளின் விட்டத்தை நுண்ணோக்கியில் அளந்து, விட்டத்தின் வர்க்கத்தை ஓர் அச்சிலும் ஆற்றலின் இயல் மடக்கையை மற்றோர் அச்சிலும் குறித்தால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் அமையும். 1982-இல் ஜே. எம். லியூ வெளியிட்ட இந்த முறை, ஓர் அளவீட்டில் இரண்டு விடைகளைத் தருகிறது: கோட்டின் சாய்வு கற்றையின் ஆரத்தின் வர்க்கத்தைப்போல் இரு மடங்கு, விட்டம் சுழியாகும் இடத்தில் உள்ள ஆற்றலே தொடக்க ஆற்றல். உச்ச ஆற்றல் அடர்த்தியை அறிய, துடிப்பு ஆற்றலின் இரு மடங்கைக் கற்றையின் குறுக்குப் பரப்பால் வகுக்க வேண்டும். இந்த ‘இரு மடங்கு’ மறக்கப்படுவதால் விளையும் குழப்பம் கொஞ்சமன்று. நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழும் கற்றையின் உச்ச அடர்த்தி, சராசரி அடர்த்தியைப்போல் இரண்டு மடங்கு. வேறொருவரின் எண்ணோடு ஒப்பிடுமுன் அவர் எதைக் குறித்தார் என்று கேட்டுவிடுங்கள்.

துருப்பிடிக்காத எஃகில் பல துடிப்புகளுக்கான வரம்பு சதுர செ.மீ.க்கு 0.1 ஜூல் என்ற அளவில் வரும். அந்த மதிப்பையே வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

எவ்வளவு ஆற்றல் கொடுப்பது

கொடுக்கும் ஒவ்வொரு ஜூலுக்கும் மிக அதிகப் பொருள் நீங்கும் நிலை, உச்ச அடர்த்தி தொடக்க வரம்பைப்போல் சுமார் 7.4 மடங்காக இருக்கும்போது ஏற்படுகிறது. நம் கணக்கில் அது சதுர செ.மீ.க்கு 0.74 ஜூல், 31 மைக்ரான் குவிப்புள்ளியில் ஏறத்தாழ 3 மைக்ரோஜூல். இதைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு: லியூவின் சமன்பாட்டின்படி, இந்த உகந்த நிலையில் குழியின் விட்டம் குவிப்புள்ளியின் விட்டத்துக்குச் சமமாகிவிடுகிறது. குழி அதைவிடச் சிறியதாக இருந்தால் ஆற்றல் குறைவு. பெரியதாக இருந்தால் கூடுதல் ஆற்றல் வெப்பமாகவே தங்குகிறது. கணக்குப் போடப் பிடிக்காதவர்கள் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் போதும்.

இந்த ஆற்றலில் ஒரு துடிப்பு எடுக்கும் சராசரி ஆழம் 10 நானோமீட்டர் அளவிலேயே இருக்கும். துடிப்புகளுக்கிடையே 5 மைக்ரான் இடைவெளி வைத்தால், ஒவ்வொரு புள்ளியின் மீதும் ஒரு சுற்றில் ஆறு துடிப்புகள் விழுகின்றன. ஒரு சுற்றுக்கு 60 நானோமீட்டர் ஆழம். 100 மைக்ரானைக் கடக்க 1,600 சுற்றுகளுக்கு மேல் ஆகும். இதைக் கேட்டதும் புதியவர்கள் ஆற்றலைப் பல மடங்கு உயர்த்தி விடுகிறார்கள். நேரம் குறையும், ஆனால் விளிம்பில் உருகிய உலோகம் மணிமணியாக உறைந்து நிற்கும்.

எனினும், 3 மைக்ரோஜூலிலேயே பிடிவாதமாக நிற்பதும் சரியன்று. வெட்டு ஆழமாகும்போது சுவர் சரிவாகிறது. சரிந்த சுவரில் அதே ஒளி அகன்ற பரப்பில் பரவுவதால் ஆற்றல் அடர்த்தி குறைந்து, ஒரு கட்டத்தில் வரம்புக்குக் கீழே இறங்கி, வெட்டு அப்படியே நின்றுவிடுகிறது. ஆகவே துளைக்கும் வேலையில் உகந்த அளவின் இரண்டு முதல் இரண்டரை மடங்கு, அதாவது 6 முதல் 7 மைக்ரோஜூல் வரை செல்வது நியாயமானது. சுவரும் அதனால் செங்குத்தாகும். என் பரிந்துரை, துளைப்பதை 7 மைக்ரோஜூலில் செய்து, விளிம்பைச் செம்மைப்படுத்தும் இறுதிச் சுற்றுகளை 3 மைக்ரோஜூலுக்கு இறக்குவது.

வேகமும் வெப்பமும்

300 மைக்ரான் வட்டத்தின் சுற்றளவு 0.94 மி.மீ. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் சுற்றச் சொன்னால் கால்வோ ஆடிகள் நொடிக்கு 1,060 முறை ஊசலாட வேண்டும். அவை அதைச் செய்வதில்லை. கட்டளையிட்ட வட்டத்தைவிடச் சிறிய வட்டத்தைச் சத்தமில்லாமல் வரைந்துவிட்டு ‘முடிந்தது’ என்று தெரிவிக்கும். நொடிக்கு 0.1 மீட்டர் என்றால் 106 சுற்றுகள்தான், அது எட்டக்கூடியது. அந்த வேகத்தில் 5 மைக்ரான் இடைவெளியைக் காக்கத் துடிப்பு வீதம் 20 கிலோஹெர்ட்ஸாக இருக்க வேண்டும். 1,600 சுற்றுகளுக்குச் சுமார் 15 நொடிகள் ஆகும். 7 மைக்ரோஜூலில் அதைவிடக் குறையும்.

வீதத்தை 200 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றி வேகத்தை அப்படியே விட்டால், துடிப்புகள் அரை மைக்ரான் இடைவெளியில் நெருங்கிவிடும். ஒவ்வொரு துடிப்பும் அகற்றாமல் விட்டுச்செல்லும் வெப்பம் பரவித் தணிவதற்குள் அடுத்த துடிப்பு வந்து விழுகிறது. மேற்பரப்பு படிப்படியாகச் சூடேறி, கரடுமுரடாகி, பழுப்பும் நீலமுமாக நிறம் மாறுகிறது. தகட்டில் துளைகள் நெருக்கமாக இருந்தால் இதே தொல்லை பெரிய அளவில் திரும்ப வரும். மெல்லிய தகட்டில் வெப்பம் கீழே இறங்க வழியின்றிப் பக்கவாட்டில் மட்டுமே பரவுகிறது. ஒரு துளையை முடித்துவிட்டுப் பக்கத்துத் துளைக்குப் போனால் நடுவிலுள்ள குறுகிய பாலம் வெந்து வளைந்துவிடும். ஒவ்வொரு துளைக்கும் 100 சுற்றுகள் கொடுத்து, தொலைவிலுள்ள மற்றொரு துளைக்குத் தாவி, எல்லாவற்றையும் தொட்டுவிட்டு முதல் துளைக்குத் திரும்புங்கள். மொத்த நேரத்தில் இதனால் கூடும் தாவல் நேரம் மிகச் சிறிது.

உற்பத்தியை உண்மையிலேயே பெருக்க வேண்டுமானால், கற்றையைப் பல கூறாகப் பிரித்து ஒரே நேரத்தில் பல துளைகள் இடலாம். பெரிய பரப்புகளுக்கு நொடிக்கு 100 மீட்டரையும் தாண்டும் பலகோண ஆடி ஸ்கேனர்கள் உள்ளன. அங்காராவின் பில்கென்ட் பல்கலைக்கழகத்தில் ஃபாத்தி ஓமெர் இல்தாயின் குழு 2016-இல் வேறொரு வழியைக் காட்டியது: துடிப்புகளை கிகாஹெர்ட்ஸ் வீதத்தில் கொத்தாக அனுப்பினால், சூடான படலம் வெப்பத்தை உள்ளே கடத்துவதற்கு முன்பே அடுத்த துடிப்பு அதை அகற்றிவிடும். முதல் துளையே சரியாக வராத நிலையில் அந்த வசதிக்குப் பணம் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து.

தகட்டைப் பிடித்தலும் கற்றையைச் சீராக்கலும்

தகட்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். துளை விழும் இடத்தின் அடியில் குறைந்தது 10 மி.மீ. வெற்றிடைவெளி விடுங்கள். உலோகத் தட்டின் மீது நேரடியாகப் படுக்க வைத்தால் வெளியேறும் துகள்கள் தகட்டின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். 10 மி.மீ. கீழே கற்றையின் அடர்த்தி குவியத்தில் இருப்பதைப்போல் 250-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதால், அடியில் உள்ள தளத்துக்கு எந்தச் சேதமும் நேராது.

லேசரிலிருந்து வரும் ஒளி பொதுவாக நேர்கோட்டுத் தளவிளைவு கொண்டது, அதாவது அதன் மின்புலம் ஒரே திசையில் அதிர்கிறது. ஆழமான துளையின் சுவர், தளவிளைவுத் திசையைப் பொறுத்து ஒளியை வெவ்வேறு அளவில் எதிரொளிப்பதால், மேலே வட்டமாகத் தொடங்கும் துளை வெளிவரும் பக்கத்தில் நீள்வட்டமாகிவிடும். கற்றைப் பாதையில் கால் அலைத்தகடு ஒன்றை 45 பாகையில் வைத்து, ஒளியை, மின்புலம் சுழன்றுகொண்டே இருக்கும் வட்டத் தளவிளைவுக்கு மாற்றினால் இது சரியாகும். இவ்வளவு செய்த பின்னும் நுழைவுப் பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் சற்று அகன்றே இருக்கும். முற்றிலும் நேரான சுவரோ எதிர்ச்சரிவோ வேண்டுமானால், கற்றையைச் சாய்த்துச் சுழற்றும் தனி ஒளியியல் தலை தேவை. ஸ்கேனரின் அமைப்புகளை எவ்வளவு திருகினாலும் அது கிடைக்காது.

பாதுகாப்பு

இவை நான்காம் வகுப்பு லேசர்கள். 1030 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரையில் குவியும். கண்ணாடி வாங்கும்போது அதன் மீது மீக்குறுந்துடிப்புகளைக் குறிக்கும் ‘எம்’ குறியீடு உள்ளதா என்று பாருங்கள். தொடர் லேசருக்கான கண்ணாடி இங்கே போதாது. பலரும் எதிர்பாராத ஆபத்து எக்ஸ் கதிர். 300 ஃபெம்டோநொடியில் சதுர செ.மீ.க்கு 3 ஜூல் கொடுத்தால் ஒளியின் செறிவு சதுர செ.மீ.க்கு 10 லட்சம் கோடி வாட்டைத் தொடுகிறது. அந்த அளவில் உலோகப் பிளாஸ்மாவிலிருந்து மென் எக்ஸ் கதிர்கள் வெளிப்படுகின்றன. உயர்ந்த துடிப்பு வீதத்தில் அவை புறக்கணிக்கத்தக்க அளவில் இருப்பதில்லை என்பதால், ஜெர்மனியில் கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய எந்திரங்களையும் உள்ளடக்கியுள்ளது. நம் 7 மைக்ரோஜூல் அந்த எல்லைக்குக் கீழே இருக்கிறது. ஆற்றலை 12 மைக்ரோஜூலுக்கு உயர்த்தினால் எல்லையைத் தொட்டுவிடுவோம். உலோக உறையை மூடாமல் எந்திரத்தை இயக்க வேண்டாம். நிக்கலும் குரோமியமும் கலந்த நானோ துகள்கள் வெளிவருவதால், வெட்டும் இடத்துக்கு அருகிலேயே உறிஞ்சு குழாயும் நுண் வடிகட்டியும் இருக்க வேண்டும்.

துளையைப் படித்தல்

தகட்டை ஐசோபுரோபனாலில் மீயொலிக் குளியலுக்கு உட்படுத்தி, தளர்வான துகளை நீக்கிய பிறகே சோதியுங்கள். கழுவாத துளையின் கருமையைப் பார்த்துக் கருகிவிட்டது என்று முடிவுகட்டுவோர் உண்டு. அது பெரும்பாலும் தூசுதான். நுழைவுப் பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் தனித்தனியே அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

விளிம்பைச் சுற்றி வானவில் நிறங்கள் தெரிந்தால் பதறத் தேவையில்லை. தகட்டைச் சாய்க்கும்போது நிறம் மாறினால் அவை நுண் வரிகளால் வரும் நிறங்கள். ஒளியின் அலைநீளத்தைவிடச் சற்றுக் குறைந்த இடைவெளியில் லேசர் தானே உண்டாக்கும் அந்த வரிகளை மில்டன் பிர்ன்பாம் 1965-லேயே குறிப்பிட்டிருக்கிறார். எப்படிச் சாய்த்தாலும் பழுப்போ நீலமோ நிலைத்து நின்றால் அது வெப்பத்தால் வந்த ஆக்சைடு படலம். துடிப்பு வீதத்தைக் குறையுங்கள் அல்லது துளைகளுக்கிடையே தாவும் வரிசையை மாற்றுங்கள். மின்னணு நுண்ணோக்கியில் அந்த வரிகள் ஒரே திசையில் நேராக ஓடினால் கால் அலைத்தகடு சரியான கோணத்தில் இல்லை என்றும் அறியலாம், ஏனெனில் உலோகத்தில் அவை ஒளியின் மின்புலத்துக்குச் செங்குத்தாக அமைகின்றன.

விளிம்பில் மணிகள் உறைந்திருந்தால் ஆற்றலைக் குறைக்க வேண்டும். துளை பாதியில் நின்றுவிட்டாலோ வெளிப்பக்கம் ஒழுங்கற்றுக் கிழிந்திருந்தாலோ ஆற்றலைச் சிறிது கூட்ட வேண்டும் அல்லது ஒரே வட்டத்துக்குப் பதிலாக 10 மைக்ரான் இடைவெளியுள்ள இரண்டு வட்டங்களாக வெட்டை அகலப்படுத்த வேண்டும். நான் இரண்டாவதையே முதலில் முயல்வேன். நேரம் கூடினாலும் கூடுதல் வெப்பம் ஒரே இடத்தில் சேர்வதில்லை.

எண்கள் ஒருமுறை அமைந்த பிறகு, வாரம் ஒருமுறை ஒரு கழிவுத் தகட்டில் 3 மைக்ரோஜூலில் 100 துடிப்புகள் கொண்ட பத்துக் குழிகளை இட்டு, விட்டத்தை முதல் நாள் குறிப்போடு ஒப்பிடுங்கள். திறன்மானி அதே எண்ணைக் காட்டும்போதே குழிகள் சுருங்கியிருந்தால், குவியம் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மானியின் எண்ணும் சேர்ந்து குறைந்திருந்தால், வில்லையின் கீழுள்ள பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடையுங்கள்.